கேள்வித்தாளும் கிழிந்த வாழ்வும்

தோழர்களே! வறுமையைப் பற்றி வண்டி வண்டியாய் எழுதியோர் உண்டு. அதன் வாசற்படியில் வந்தமர்ந்தோர் எத்தனை பேர்? வயதென்ன, வருவாயென்ன எனக் கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பும் வித்தகர்கள் அறிவது எண்ணிக்கையை, ஏழையை அன்று!

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சுதிர் வெங்கடேசும், 1989இல் அப்படியொரு கேள்வித்தாளுடன்தான் சிகாகோ நகரின் கறுப்பின மக்கள் குடியிருப்புக்குள் நுழைந்தார். சமூகவியல் மாணவர் அவர். கறுப்பராய், ஏழையாய் வாழ்வது எப்படியிருக்கிறது என்பது கேள்வி. மிக மோசம் முதல் மிக நன்று வரை விடைகள்! போதைப்பொருள் விற்கும் கும்பலின் இளைஞர்கள் நகைத்தனர். இரவெல்லாம் அவரைப் பிடித்து வைத்தனர். விடுபட்டவர் ஓடி ஒளிந்தாரா? இல்லை. மீண்டும் சென்றார். ராபர்ட் டெய்லர் இல்லங்கள் என்ற, பதினாறு மாடி கொண்ட 28 கட்டடங்களின் இடையே ஆண்டுக்கணக்கில் பழகினார்.

கண்டதென்ன? கும்பலின் கணக்கேடே அவர் கைக்கு வந்தது. பொருளியலறிஞர் ஸ்டீவன் லெவிட்டுடன் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார். தெருமுனையில் நின்று விற்றவனுக்கு மணிக்குக் கிடைத்தது 3.30 டாலர், தலைவனுக்கோ 66 டாலர்! நான்காண்டு நின்றால் நால்வரில் ஒருவன் பிணம். சோம்பேறி என்று உலகம் ஏசியவன், உயிரைப் பணயம் வைத்த கூலிக்காரன்! கும்பலை நியாயப்படுத்தவில்லை, அதன் கொள்ளையில் கூலியும் இலாபமும் எப்படிப் பிரிந்தன என்பதைக் காட்டுகிறேன்.

காஞ்சியில் இருந்துகொண்டு சிகாகோவைப் பேசுவானேன் என்கிறீர்களா? நம் கோர்வைச் சேலையைப் பாருங்கள். கரைக்கென ஓடும் தனி நாடாவை வீச, நெய்பவருக்குத் துணையாள் வேண்டும். அந்த இடத்தில் பள்ளி செல்ல வேண்டிய பிள்ளைகள் அமர்ந்ததுண்டு, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்; காஞ்சிப் பட்டுத் தறிகளிலும் கொத்தடிமைச் சிறுவர் உண்டென மனித உரிமைகள் கண்காணிப்பகம் அறிக்கையிட்டது 2003இல்! சட்டம் கோட்டையில் இருந்தது. கடன் குழித்தறியில் இருந்தது.

தறியைவிட்டு இளைஞன் ஒருவன் தெருமுனைக்குப் போனால், காவல் நிலையத்துப் பட்டியல் அவன் பெயரைக் குறிக்கும். அவன் வீட்டுக் கடனைக் குறிக்குமா? குழித்தறியின் ஓரத்தில் அமர்ந்து கேட்டாலன்றி அது புலப்படாது.

ஆயின், எச்சரிக்கை ஒன்றுண்டு. குடியிருப்புப் பெண்களும் ஆண்களும் சிறு தொழில்களில் ஈட்டிய காசைக் கேட்டறிந்த வெங்கடேஷ், அதைக் கும்பல் தலைவனிடமும் சொன்னார். விளைவு? அவர்கள்மீது தண்டல் பாய்ந்தது. 2008இல் வெளிவந்த நூலில் அவரே இதை எழுதினார். நம்பிச் சொன்ன ஏழைக்கு நேர்ந்த கதி அது! இங்கும் நெசவாளி சொல்லும் கணக்கு பாவு தருபவரின் செவிக்கு எட்டினால், மறுநாள் பாவு வராது, தறி நின்றுவிடும், அடுப்பும் அணையும்.

ஆகவே தோழர்களே, கணக்கெடுக்க எவர் வந்தாலும் வரவேற்பீர், பாய் விரிப்பீர், உள்ளதை உள்ளபடி உரைப்பீர். அதற்குமுன் ஒன்றைக் கேட்பீர்: "எங்கள் கணக்கு யார் கைக்குப் போகிறது?"