கடல் காற்றாலை: குத்தகைக்கு முன்பே மீன்பிடி வரைபடம் வேண்டும்

மன்னார் வளைகுடாவில் காற்றாலைகள் அமைவதை எங்கள் நாட்டுப்படகு மீனவர் சங்கம் எதிர்க்கவில்லை. கடல் சூடேறுவதன் வலி முதலில் எங்கள் வலையில்தான் தெரிகிறது. நிலக்கரியைக் குறைக்கும் முயற்சிக்கு நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் மீனவரைக் கேட்காமல் கடலடியில் ஒரு சதுர கிலோமீட்டரைக்கூடக் குத்தகைக்கு விடக் கூடாது.

2023ஆம் ஆண்டு கடல் காற்றாலைக் குத்தகை விதிகளின்படி 35 ஆண்டுகள் வரை குத்தகை தரலாம். இன்று முதன்முதலாகப் படகேறும் பையன் தாத்தாவாகிவிடும் காலம் அது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க் கடல் காற்றாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட். காற்றின் வேகத்தையும் கடலின் ஆழத்தையும் அளக்கும் அதே அக்கறையோடு, எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் என்ன மீன் படுகிறது என்பதையும் மீனவரோடு உட்கார்ந்து வரைய வேண்டும். ஏலம் அதற்குப் பிறகுதான்.

கடலடியில் தூண் ஊன்றும் காற்றாலைகளுக்கு ஏறத்தாழ 50 மீட்டருக்கு உட்பட்ட ஆழமே தோதானது. கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் சிறு படகுக்குச் சோறு போடுவதும் ஆழம் குறைந்த கடல்தான். நீரோட்டத்தோடு மிதந்து போகும் செவுள் வலையைத் தூண்களுக்கு நடுவே திருப்பி ஓட்ட முடியாது. பிரிட்டனில் காற்றாலைகளுக்கிடையே மீன்பிடிக்கலாம், பெல்ஜியத்தில் கூடாது. இங்கே எது நடக்கும் என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாய்மொழி உறுதியை ஏற்க மாட்டோம்.

தூண் அடிக்கும் ஓசைக்கு ஜெர்மனி 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறது. 21 தீவுகளின் பவளப்பாறைகளும் கடற்பசுக்களும் உள்ள எங்கள் கடலுக்கு அதைவிடத் தளர்ந்த வரம்பு தகாது.

காற்றாலையால் தொழில் இழப்போருக்கான இழப்பீட்டைப் படகின் பதிவுச் சான்றை மட்டும் பார்த்துக் கணக்கிடுவது பெரிய அநியாயம். பங்குக்குத் தொழில் செய்பவருக்குப் படகு இல்லை. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணின் பெயர் படகுப் பதிவேட்டில் இல்லை. மீன் குறைந்தால் முதலில் அடுப்பு அணைவது இவர்கள் வீட்டில்தான். இவர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்த பிறகே தொகை பற்றிப் பேச வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டங்களைக் கடற்கரை ஊர்களிலேயே, படகுகள் கரை திரும்பிய பின், தமிழில் அச்சிட்ட வரைபடங்களோடு நடத்துங்கள். ஆய்வுக்கு எங்கள் படகுகளையும், பார்களை அறிந்த மூத்தவர்களையும் அனுப்பத் தயாராக இருக்கிறோம்.