அறிக்கை எழுதுன கையும் கதையும்

நம் இதழுக்கு வரும் கதைகளில் பாதிக்கு மேல் இப்போது உண்மை அறியும் குழு அறிக்கைகளும் கட்டுரைகளும் எழுதிப் பழகிய தோழர்களிடமிருந்து வருகின்றன. வரட்டும். கூடவே இரண்டு குரல்கள் வருகின்றன. ‘ஒருவழியா இலக்கியத்துக்கு வந்துட்டீங்க’ என்று முதுகில் தட்டுகிற குரல் ஒன்று. அறிக்கை கீழ்ப்படி, நாவல் மேல்படி என்கிற கணக்கு யாருடையது என்று நமக்குத் தெரியும். இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இன்னொரு குரல் நம் ஆட்களுடையது. ‘வழக்கு கோர்ட்டுல கெடக்கு, சாட்சி பல்டி அடிக்கிறான், இப்பப் போயி கதை எழுதறீங்களே?’ இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டது தீர்ப்பு. (இதைவிடப் பெரிய புனைவு எது?) 1975இல் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வந்தது, 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு. அதில் பண்ணையாரின் ஆண்மைக் குறைபாடு அவர் வெறிக்கு மூலமாகிறது. கூலியும் சாதியும் பின்னுக்குப் போய்விட்டன. நாம எழுதலேன்னா கதை எழுதப்படாம இருந்துடாது.

ஆனால் எழுதுவது லேசில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. சாயங்காலம் ரொக்கமும் வவுச்சரும் டேலி ஆனால்தான் நாற்காலியை விட்டு எழ முடியும். அறிக்கையும் அப்படித்தான். தேதி, நேரம், காயம், குற்றவாளியின் பெயர், சாதி எல்லாம் நேராகணும். கொல்லப்பட்டவர் அன்று காலை பெண்டாட்டியோடு சண்டை போட்டதும், அவர் நல்ல பாட்டுக்காரர் என்பதும் வழக்குக்குத் தேவையில்லை. கதைக்கு அதுதான் வேணும். நமக்கு வரும் கதைகளிலோ மூணாம் பக்கத்தில் நாயகன் அம்பேத்கரை விளக்கப் பிரசங்கம் ஆரம்பித்துவிடுகிறான். ஊர்க்காரன் வந்த நேரமெல்லாம் மீசையை முறுக்குகிறான். அறிக்கைக்குச் சட்டை மாட்டினால் கதையாகிவிடாது.

ராஜ் கௌதமன் இதைத் தாண்டியவர். 1993இல் ‘தலித் பண்பாடு’, 1997இல் ‘அறம் அதிகாரம்’ என்று கோட்பாடு எழுதிக்கொண்டிருந்தவர், 2002இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்ற நாவலோடு வந்தார். சிலுவை வீரன் இல்லை. அவனைப் பார்த்து ஆசிரியரே சிரிக்கிறார். கிறித்துவ தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கிறது 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை. கட்டுரையில் இதற்கு நாலு பக்கம் வாதாட வேண்டும். நாவலில், படித்துவிட்டு வேலை கிடைக்காதவன் இந்துவாக மாறுகிறான். சிரிப்பு வருது, பின்னாடியே வயிறு எரியுது. 2024இல் அவர் காலமானபோது கோட்பாட்டாளர் என்றே பலரும் அஞ்சலி எழுதினார்கள். எனக்கு இந்த நாவல்தான் முதலில் ஞாபகம் வந்தது.

அவர் தங்கை பாமா வந்த வழி வேறு. 1992இல் ‘கருக்கு’ தன் வாழ்க்கை. 1994இல் ‘சங்கதி’ பல பெண்களின் பேச்சு. வயலில் ஆண்டையிடமும் வீட்டில் புருஷனிடமும் படும் பாடு இரண்டும் அதில் உண்டு. வன்கொடுமை அறிக்கையில் அந்த இரண்டாவதுக்குக் கட்டம் கிடையாது. ‘நம்ம வீட்டு அழுக்க ஊர்த்தெருவுல போயி துவைக்கணுமா?’ என்று தோழர்கள் கோபப்படுகிறார்கள். எதிரி அதை எடுத்து வீசுவான்தான். அதற்காக நம் பெண்கள் வாயைக் கட்ட முடியாது.

எனக்குள்ள பயம் வேறு. ஒரு அம்மா தன் மகனைப் பற்றி நம்மிடம் சொன்னது வழக்குக்காக. அவரைக் கேட்காமல் அதைக் கதையில் வைத்தால், உழைப்பைச் சுரண்டுகிற பண்ணையாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த இதழ் முழுக்க இந்தத் தோழர்களின் கதைகளுக்கு. வழக்கு முடியாத சம்பவம் என்றால் பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். அனுப்பும் முன்னால் சம்பந்தப்பட்டவர்களிடம் சேரியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவங்க வேணாம்னு சொன்னா அனுப்பாதீங்க. அறிக்கை எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கும் பக்கம் வைத்திருக்கிறோம்.