சோப்புக்குத் தேன் எதற்கு?

கைவினைச் சோப்பு விற்கும் இடங்களில் 'தேன் சோப்பு' என்று ஒன்று தவறாமல் இருக்கிறது. ஆட்டுப்பால், வேப்பிலை, மஞ்சள் என்ற வரிசையில் அதற்கும் ஓர் இடம் உறுதி. தோலை மென்மையாக்கும், ஈரப்பதம் காக்கும், பருவைப் போக்கும், கிருமியைக் கொல்லும் என்று உறையில் எழுதியிருப்பார்கள். தேனுக்கு இந்தக் குணங்கள் உண்டா என்று கேட்டால், சிலவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவில் விழுந்த பிறகும் அவை மிஞ்சுமா என்பதை யாரும் கேட்பதில்லை. மிஞ்சுவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தையும் ஒரு கரண்டிச் சர்க்கரையால் பெற்றுவிடலாம். வீட்டுச் சோப்பில் தேனைச் சேர்ப்பது நல்ல உணவுப்பொருளை வீணாக்குவது. அதைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

தூத்துக்குடி மாவட்டத்து ஓட்டப்பிடாரம் போன்ற பகுதிக்கு இந்தப் பேச்சு அவசியம். மழையை நம்பிய கரிசல் பூமி இது. உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் கைகொடுக்காத மாதங்களில் பெண்களுக்கு வேறு வருமானம் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோப்புத் தொழில் அதற்குப் பொருந்தும். அதற்கு வேண்டியவை தூரத்தில் இல்லை. தூத்துக்குடி உப்பின் மாவட்டம்; அந்த உப்பை மின்பகுத்துத்தான் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா தயாராகிறது. தேங்காய் எண்ணெய் தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் பக்கத்து மாவட்டங்களிலும் கிடைக்கிறது. உடன்குடியில் கருப்பட்டி இருக்கிறது. இவற்றோடு ஒப்பிட்டால் அரிதானதும், கலப்படத்துக்கு மிக எளிதாக இரையாவதும் தேன்தான். கையில் முதல் குறைவாக உள்ள ஒரு குழு, பயன் குறைந்த ஒரு பொருளில் ஏன் பணத்தைப் போட வேண்டும்?

தேன் சோப்புக்குள் போனதும் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோலுக்கு இதமாக எண்ணெய் சற்று மிஞ்சட்டும் என்று 174 கிராம் அளவுக்குக் குறைத்துப் போடுவது வழக்கம். இந்தக் கரைசல் கடுமையான காரம். தேனோ இயல்பில் அமிலத்தன்மை உடையது. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் ஃபிரக்டோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள், ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலே தண்ணீர். இந்த இரு சர்க்கரைகளும் காரத்தைத் தாங்காதவை. காரம் பட்டதும் சிதைந்து, சூடேறி, பழுப்பாகி, லாக்டிக் அமிலம் போன்ற வேறு பொருள்களாக மாறிவிடுகின்றன. தேன் சோப்பின் அந்த அழகான பழுப்பு நிறத்தைத் தேன் இருப்பதற்கு அத்தாட்சி என்று நினைக்கிறோம். உண்மையில் அது தேன் சிதைந்ததன் அடையாளம். காரக் கரைசலில் நேரடியாகத் தேனை ஊற்றினால் கலவை கொதித்துப் பொங்கி வழிந்து கையைச் சுட்டுவிடும் என்பதையும் புதிதாகச் செய்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காயத்துக்கே தேன் தடவுகிறார்களே, மருத்துவமனைகளில்கூடத் தேன் தோய்த்த கட்டுத்துணி உண்டே என்பது முதல் மறுப்பு. உண்மைதான், உண்டு. ஆனால் தேன் கிருமியைத் தடுப்பது எப்படி? அடர்த்தியான சர்க்கரை கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சுகிறது. அமிலத்தன்மை கிருமியை வளர விடுவதில்லை. தேனீ சேர்த்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, தேன் நீர்த்துப்போகும்போது சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருகிறது. இந்த மூன்றில் எது சோப்பில் தங்கும்? ஒரு கிலோ எண்ணெயில் இரண்டு கரண்டி கலந்தால் அடர்த்தி போய்விட்டது. காரத்தில் அமிலம் முறிந்துவிட்டது. அந்தச் சூட்டிலும் காரத்திலும் நொதி செத்துவிட்டது. மேலும், காயத்தில் கட்டிய தேன் மணிக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. சோப்பு நுரை ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடுகிறது. கட்டுத்துணிக்குச் சொன்ன ஆதாரத்தை எடுத்துச் சோப்புக்குப் பொருத்துவது சரியான வாதம் ஆகாது.

ஈரப்பதம் காக்கும் என்ற வாதத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்ணெய் சோப்பாகும்போது கூடவே கிளிசரின் உண்டாகிறது. பெரிய ஆலைகள் பெரும்பாலும் அதைப் பிரித்தெடுத்துத் தனியே விற்றுவிடுகின்றன. வீட்டுச் சோப்பில் அது முழுவதும் உள்ளேயே இருக்கிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 130 கிராம் கிளிசரின் வரும். ஈரத்தை ஈர்க்கும் பொருள்களில் அதற்கு இணையானவை குறைவு. அதே கலவையில் நாம் சேர்க்கும் தேன் 20 முதல் 40 கிராம். அதிலும் பெரும்பகுதி சிதைந்துவிடும். 40 கிராம் தேன் போட்டு நூறு கிராம் எடையில் பதினான்கு கட்டிகள் வந்தால், கட்டிக்கு மூன்று கிராமுக்கும் குறைவு. ஒரு கட்டி முப்பது குளியலுக்கு வந்தால், ஒரு குளியலுக்குச் சேர்வது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. வீட்டுச் சோப்பு தோலுக்கு இதமாக இருப்பதற்கு அந்தக் கிளிசரினும் மிஞ்சவிட்ட எண்ணெயுமே காரணம். அந்தப் பெருமையைத் தேனுக்குக் கொடுத்துவிட்டோம்.

தேனால் சோப்புக்கு ஒரு நன்மையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நுரை கூடும். ஆனால் அது சர்க்கரையின் வேலை. தேன்தான் வேண்டும் என்பதில்லை. சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸ் காரத்தில் அவ்வளவு எளிதில் சிதையாதது, ஆகவே இந்த வேலைக்குத் தேனைவிடத் தோதானது. கண்ணாடிபோல் தெரியும் சோப்புகளைச் செய்பவர்கள் சர்க்கரைக் கரைசலை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சுண்ணாம்பு சேர்த்த பதநீரிலிருந்து வருவதால் அது காரத்துக்குப் பழகிய சர்க்கரை. பழுப்பு நிறமும் இயல்பாகவே வந்துவிடும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு கரண்டி கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேர்த்தால் போதும். அதற்காகக் கருப்பட்டிச் சோப்பு தோல் நோயைத் தீர்க்கும் என்று நாளை எழுதத் தொடங்கினால், நான் சொன்னதெல்லாம் வீண். நுரை கூடும் என்று மட்டும் எழுதலாம்.

காய்ச்சிய சோப்பில் கடைசியாகத் தேனைச் சேர்த்தால் அழியாதே, கடையில் வாங்கும் சோப்பு பேஸை உருக்கி அதில் கலந்தால் காஸ்டிக் சோடாவே இல்லையே என்பது அடுத்த மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. அப்போது சர்க்கரை அவ்வளவு கெடாது. ஆனாலும் ஆறிய சோப்பே காரத்தன்மை உடையதுதான். நொதி அதில் பிழைக்காது. உருக்கிய சோப்பின் சூடு வேறு. கட்டிக்கு எத்தனை கிராம், தோலில் எத்தனை விநாடி என்ற கணக்கும் மாறவில்லை. தேன் கூடினால் கட்டி இளகும். கிளிசரின் பேஸில் செய்த கட்டி கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே வியர்க்கும். தேன் அதை இன்னும் ஒட்டுப் பிசுக்காக்கும். தேன் கூட்டிலிருந்து சோப்புக்கு உண்மையாக உதவும் பொருள் ஒன்று உண்டு, அது தேன்மெழுகு. அதில் பாதியளவு காரத்தால் மாறாமல் அப்படியே நிற்கும், கட்டியையும் இறுக்கும். தேனீ வளர்ப்பவர்களிடம் மெழுகை வாங்கினால் அவர்களுக்கும் கூடுதல் வருமானம்.

தேனின் நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1991-92இல் பரவிய தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டம் வட்டாரத் தேனீ வளர்ப்போர் பட்ட பாடு சொல்லி மாளாது. 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 தேன் பிராண்டுகளில் கலப்படத்தைக் கண்டறியும் என்.எம்.ஆர். சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை மூன்றுதான். பாட்டிலில் இருக்கும் தேனிலேயே இத்தனை சந்தேகம் என்றால், காரத்தில் சிதைந்து நிறம் மாறிய சோப்பில் போட்டது தேனா, சர்க்கரைப் பாகா, எத்தனை கரண்டி என்று யார் சோதித்துச் சொல்வது? நேர்மையாகத் தேன் போடும் பெண்ணும், பாகு ஊற்றிவிட்டுத் தேன் என்று எழுதுபவரும் சந்தையில் ஒரே தட்டில் நிற்கிறார்கள். அதில் தோற்பவர் எப்போதும் நேர்மையாளர்தான்.

தேன் என்ற பெயர் இருந்தால்தானே விற்கிறது, ஏழைப் பெண்களின் பிழைப்பில் ஏன் கைவைக்கிறீர்கள் என்று கேட்பவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. அந்தப் பிழைப்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம். உள்ளூர்ப் பொருளை நம்பி வாங்குங்கள் என்று அவர் மக்களிடம் கேட்டார். அந்த நம்பிக்கைக்கு விற்பவரின் சொல் உண்மையாக இருக்க வேண்டும். நம்மிடம் உண்மையாகச் சொல்லிக்கொள்ள நல்ல விஷயமே இருக்கிறது. மற்ற எண்ணெய்ச் சோப்புகள் திரிந்துபோகும் உப்புத் தண்ணீரிலும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு நுரைக்கும். கப்பலில் கடல்நீரில் குளிக்க மாலுமிகள் பயன்படுத்தியது இதைத்தான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக வரும் ஊர்களில் இதைவிடப் பெரிய விளம்பரம் எது? 'உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்' என்று எழுதினால், வாங்குபவர் அன்றைக்கே வீட்டில் சோதித்துப் பார்த்துக்கொள்வார். உறையில் உண்மையை எழுதுவதைச் சட்டமும் எதிர்பார்க்கிறது. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள்களுக்கான 2020ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டது. விற்பதற்காகத் தயாரிக்க உரிமம் வேண்டும், சேர்த்த பொருள்களை உறையில் எழுத வேண்டும்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குச் சோப்புப் பயிற்சி தருபவர்கள் தேன் சோப்புச் செய்முறையைப் பாடத்திலிருந்து எடுத்துவிடட்டும். அந்த நேரத்தில் காஸ்டிக் சோடாவை எடை பார்த்துப் போடுவதையும், அலுமினியப் பாத்திரம் தொடாமல் எவர்சில்வரில் கலப்பதையும், கட்டியை நான்கு வாரம் காயவிடுவதையும் அழுத்திச் சொல்லித் தரலாம். மாவட்டத்து முருங்கைத் தோப்புகளில் எடுக்கும் தேன் பாட்டிலில் தேனாகவே விலைபோகட்டும். வாங்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை தேன் சோப்பு ஒன்றைக் கையில் எடுக்கும்போது, கட்டிக்கு எத்தனை கிராம் தேன், அதை எந்த நிலையில் சேர்த்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் வெறும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பை வாங்குங்கள்.