கிழட்டுக் கொடியும் கிறங்கும் நாக்கும்

'பழைய கொடி' என்று லேபிளில் இரண்டு வார்த்தை அச்சடித்தால் போதும். ஷிராஸ் பாட்டிலின் விலை ஏறிவிடும். வாங்குபவரின் புருவமும் கூடவே ஏறிவிடும். கோப்பையைச் சுழற்றுகிறார், முகர்கிறார், ஒரு வாய் உறிஞ்சிவிட்டு "ஆகா, நூறு வருஷத்து ஆழம்!" என்கிறார். நாக்கா சொன்னது? லேபிள் சொன்னது!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பழைய ஒயின் வேறு, பழைய கொடியின் ஒயின் வேறு. போன வருஷம் பிழிந்த ஒயினும் பழைய கொடியுடையதாக இருக்கலாம். வயது கொடிக்குத்தான், சரக்குக்கு அல்ல.

சரி, எத்தனை வயதானால் கொடி 'பழையது'? பிரான்சிலோ அமெரிக்காவிலோ அதற்குச் சட்ட வரையறையே கிடையாது. ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 2009-ல் ஒரு சாசனம் போட்டார்கள். 35 வயதானால் பழைய கொடி; பிறகு 70, 100, 125 என்று மேல்படிகள். சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பும் 2024-ல் 35 வயது என்றே வரையறுத்தது. நல்ல காரியம். ஆனால் இதெல்லாம் பரிந்துரை. அச்சடிப்பவர் கையைக் கட்டும் சட்டம் அல்ல.

வயதான கொடி குறைவாகக் காய்க்கும், அதனால் சாறு செறிவாகும் என்பார்கள். பல தோட்டங்களில் உண்மைதான். ஆனால் இளங்கொடியிலும் குலைகளைக் கிள்ளிக் குறைக்கலாமே! 1976 மே 24 அன்று பாரிஸில் பெயரை மறைத்து ஒரு சுவைப்பு நடந்தது. சிவப்பு ஒயினில் பிரெஞ்சு நடுவர்கள் முதலிடம் தந்தது போர்தோவின் பெரிய பெயர்களுக்கு அல்ல. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 கேபர்னே சாவிஞோனுக்கு. அந்தக் கொடிகளை நட்டது 1970-ல். மூன்றே வயது!

அப்படியானால் கிழட்டுக் கொடிகளை வெட்டி எறிந்துவிடலாமா? அதைவிட முட்டாள்தனம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடிய ஃபிலாக்ஸெரா பூச்சி பரோசாவுக்குள் நுழையவே இல்லை. 1840-களில் நட்ட கொடிகள் அங்கே இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. ஆனால் 1980-களில் திராட்சை மிகுந்துவிட்டது என்று, கொடிகளைப் பிடுங்கத் தென் ஆஸ்திரேலிய அரசே காசு கொடுத்தது. எத்தனையோ பழைய ஷிராஸ் கொடிகள் வேரோடு போயின. பூச்சி விட்டுவைத்ததை மனிதன் பிடுங்கினான்!

இத்தனை வறட்சியையும் வெயிலையும் தாங்கிய கொடியின் குச்சிதான் நாளைய தோட்டத்துக்கு நாற்று. அதைக் காப்பாற்ற வேண்டியவர் விவசாயி. அவருக்கோ டன் கணக்கில் காசு. காய்ப்பு பாதியானால் வருமானமும் பாதி. லேபிளால் கிடைக்கும் கூடுதல் பணம் தோட்டம் வரை போகாவிட்டால், அவர் பிடுங்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே ரசிகர்களே, பாட்டிலைத் துணியில் சுற்றுங்கள். பக்கத்தில் அதே ஊர் இளங்கொடி ஒயின் ஒன்றையும் அப்படியே வையுங்கள். மணம் எப்படி, துவர்ப்பு உறுத்துகிறதா, விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பிடித்ததா? இப்போது துணியை அவிழுங்கள். நட்ட வருஷமும் தோட்டத்தின் பெயரும் லேபிளில் இருந்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். இல்லையென்றால் அடுத்த முறை அதைக் கடை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

கொடிக்கு வயதாவதில் வெட்கமில்லை. வயதைச் சொல்லாமல் வயதுக்குக் காசு கேட்பதுதான் வெட்கம்.