பூட்டு நகரில் ஒரு புதுக் கணக்கு

திண்டுக்கல் பூட்டின் கீர்த்தி பழையது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மதுரை செல்லும் சாலையில், சின்னாளபட்டிக்கு அருகே, வேறு வகைக் காவலைப் பற்றிய ஆராய்ச்சி நடப்பது நம்மில் பலர் அறியாத விஷயம். காந்திகிராமக் கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் 'ஃபஸி' முறையில் இயங்கும் யந்திரங்களின் ஸ்திரத்தன்மை ஆராயப்பட்டு வருகிறது.

அது என்ன முறை? கொதிகலன் முன் நிற்கும் அனுபவசாலி, "சூடு கொஞ்சம் ஏறிவிட்டது, சற்றுக் குறை" என்கிறார். இந்தக் 'கொஞ்ச'த்துக்கும் 'சற்று'க்கும் கணித உருவம் தர 1965-ல் வழிகாட்டியவர் லோட்ஃபி ஜாதே. 1987-ல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலே இம்முறையில் ஓடத் தொடங்கிவிட்டது.

இப்போது வந்துள்ள சங்கடம் வேறு. அளவு பார்க்கும் கருவி ஓரிடம். தீர்மானிக்கும் கணிப்பொறி வேறிடம். இடையே கம்பியும் வானலையும். நடுவே புகுகிறவன் செய்தியை மறிக்கலாம், பொய் அளவை அனுப்பலாம். நேற்றைய நல்ல அளவையே பதிவு செய்து இன்று திரும்பக் காட்டவும் செய்யலாம். இந்தக் கடைசிதான் கைதேர்ந்த அயோக்கியத்தனம்! 2010-ல் அம்பலமான 'ஸ்டக்ஸ்நெட்' இப்படிப்பட்டதே. ஈரானின் நட்டான்ஸில் யுரேனியச் சுழலிகளைக் கெடுத்துக்கொண்டே, எல்லாம் சுகம் என்று காட்டும் வித்தை அதனிடம் இருந்தது.

அணு உலைக்குத்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். 2000-ல் ஆஸ்திரேலியாவின் மருச்சி வட்டாரத்தில், வேலை மறுக்கப்பட்ட ஒருவன் ரேடியோக் கருவியைக் கொண்டே சாக்கடைப் பம்புகளை ஆட்டிவைத்தான். பல லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. நம் கூடங்குளத்தில் 2019-ல் வேவு நிரல் நிர்வாகக் கணிப்பொறியில்தான் புகுந்தது. உலையை இயக்கும் அமைப்பு தனித்திருந்ததால் பாதிப்பில்லை என அறிவித்தார்கள்.

கணிதம் என்ன செய்யும்? குழிவான கிண்ணத்தில் விட்ட கோலிக்குண்டு, தட்டினாலும் அடிக்கே திரும்பும் அல்லவா? எத்தனை செய்தி தொலைந்தாலும், எவ்வளவு பொய் கலந்தாலும், யந்திரம் அப்படித் திரும்பும் எல்லை எது என்று அது கண்டு சொல்கிறது. ரஷ்ய அறிஞர் லியாபுனோவ் 1892-ல் போட்ட அஸ்திவாரம் இது.

நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. உலகெங்கும் வரும் இத்தகைய ஆய்வுகள் பலவற்றில், தாக்குதல் காசு சுண்டிப் போடுவது போன்ற தற்செயலாகவே வைத்துக்கொள்ளப்படுகிறது. திருடன் காசு சுண்டியா வருகிறான்? வீட்டுக்காரர் ஊருக்குப் போகும் நாள் பார்த்தல்லவா வருகிறான்! அவன் பலத்துக்கு மட்டும் வரம்பு கட்டி, நேரத்தை அவன் இஷ்டத்துக்கே விட்டுக் கணக்கிடும் முறையும் வளர்ந்து வருகிறது. நம் நம்பிக்கை அதன் பக்கமே.

மற்றொன்று: பல ஆய்வுகள் கணிப்பொறித் திரையில் தலைகீழ் ஊசலை நிறுத்திக் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. திண்டுக்கல்லைச் சுற்றி நூற்பாலைகளுக்கும் குடிநீர்ப் பம்புகளுக்கும் குறைவில்லை. ஆலைக்காரர்களும் நகராட்சியாரும் ஒரு மோட்டாரையாவது சோதனைக்குக் கொடுக்கலாம். அது வரையில், கையால் திருப்பும் வால்வை ஒருவரும் கழற்றிவிட வேண்டாம்.