பஸ் செல்ஸ் இருந்தாலே இன்ஃபெக்‌ஷனா?

"யூரின்ல பஸ் செல்ஸ் இருக்கு, இன்ஃபெக்‌ஷன், இந்த மாத்திரைய 5 நாள் போடுங்க." இந்த வாக்கியத்து மேல எனக்கு இருக்கற கோவத்த இங்க கொட்டப் போறேன். சக டாக்டர்கள் கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. கொஞ்சம் நீளமான த்ரெட்.

போன மாசம் ஓபிக்கு ஒரு அக்கா வந்தாங்க. பனியன் கம்பெனியில தையல் வேலை. கையில மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட். 8 மாசமா அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகணும், எரிச்சல், ராத்திரி தூக்கமே இல்ல. அடிக்கடி எழுந்து போறதால சூப்பர்வைசர்கிட்ட தினமும் திட்டு. பையில 6 யூரின் ரிப்போர்ட். ஆறுலயும் பஸ் செல்ஸ் ஏராளம். ஆறு தடவையும் ஆன்டிபயாடிக். ஒரே ஒரு தடவை யாரோ புண்ணியவான் கல்ச்சர் அனுப்பியிருக்கார். ரிசல்ட், 'நோ க்ரோத்'. கிருமி எதுவும் வளரல. அந்தத் தாளோடயே அடுத்த ஆன்டிபயாடிக் சீட்டும் பின் அடிச்சிருந்தது!

பஸ் செல்ஸ்னா கிருமி இல்லங்க. அது நம்ம ரத்தத்துல இருக்கற வெள்ளை அணு. தெருமுனையில போலீஸ் நிக்குதுன்னா திருடன் மாட்டிட்டான்னு அர்த்தமா? கல் இருந்தாலும் பஸ் செல்ஸ் வரும், டியூப் போட்டிருந்தாலும் வரும், சாம்பிள்ல வெள்ளைப்படுதல் கலந்தாலும் வரும். அணு நிறைய இருந்து, கல்ச்சர்ல ஒண்ணும் வளரலன்னா, நம்ம நாட்டுல கண்டிப்பா யோசிக்க வேண்டிய பேரு டிபி. நுரையீரல்ல மட்டும் இல்ல, கிட்னியிலயும் மூத்திரப்பையிலயும் டிபி வரும். அந்தக் கிருமி சாதாரண கல்ச்சர்ல 2 நாள்ல வளராது, அதுக்கு வாரக்கணக்கா ஆகும். தனியா எழுதிக் கேட்டாத்தான் லேப்ல தேடுவாங்க. காலையில போற முதல் யூரின், குறைஞ்சது 3 நாள் தொடர்ந்து. கூடவே சிபிநாட். ரெண்டுமே அரசு மருத்துவமனையில காசு இல்லாம பண்றோம்.

அந்த அக்காவுக்கு சிபிநாட் பாசிட்டிவ். ஸ்கேன்ல இடது கிட்னி வீங்கி இருக்கு. 300, 400 மில்லி பிடிக்க வேண்டிய மூத்திரப்பை சுருங்கி 80 மில்லியிலயே நிரம்பிடுது. டிபி மருந்து ஆரம்பிச்சாச்சு, கிருமி போயிடும். தழும்பாகி சுருங்கின பை மாத்திரையில பழையபடி விரியாது. நாளைக்கு குடல் துண்ட வெச்சு பெருசு பண்ற ஆபரேஷன் வரைக்கும் போகலாம். அந்த ஆறு கோர்ஸ்ல ரெண்டு ஆஃப்லாக்சசின் வகை. அது டிபி கிருமிய ஒழிக்காம அரைகுறையா அடக்கி வைக்கும், கண்டுபிடிக்கறதும் தள்ளிப்போகும்.

இதுக்கு நேரெதிர் கூத்தும் உண்டு. ஒரு தொந்தரவும் இல்லாத 70 வயசு பாட்டிய மாஸ்டர் செக்கப்புக்கு கூட்டிப்போய், ரிப்போர்ட்ல பாக்டீரியான்னு பார்த்ததும் மாத்திரை. கல்ச்சர்ல மில்லிக்கு 1 லட்சம் காலனி வளர்ந்தாலும், எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லன்னா ஆன்டிபயாடிக் வேணாம். சுகர் இருந்தாலும் வேணாம். கர்ப்பிணிகளும், யூரின் பாதையில ஆபரேஷனுக்குப் போறவங்களும்தான் முக்கியமான விதிவிலக்கு.

"ஓபியில 150 பேர் நிக்கறான், கல்ச்சருக்கு எங்க நேரம்?"னு கேப்பாங்க. நானும் அதே ஓபியிலதான் உக்காந்திருக்கேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நானும் கண்ண மூடிட்டு எழுதியிருக்கேன். சின்ன வயசுப் பொண்ணு, முதல் தடவை எரிச்சல்னு வந்தா கல்ச்சர் இல்லாம மருந்து தரலாம், தப்பில்ல. அதே ஆள் குணமாகாம திரும்பி வந்தும் கல்ச்சர் அனுப்பலன்னா, அது நேரமில்லாததால இல்ல சார், சோம்பேறித்தனம்.

லேப்காரங்களும் டப்பாவ நீட்டி "பாத்ரூம் அந்தப் பக்கம்"னு கை காட்டறதோட நிறுத்தாதீங்க. தண்ணியில கழுவிட்டு, முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றதப் பிடிக்கணும்னு சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? ரிப்போர்ட்ல எபிதீலியல் செல்ஸ் நிறைய இருந்தா, பெரும்பாலும் சாம்பிள் சரியா எடுக்கலன்னு அர்த்தம். இன்னொரு தடவை கேளுங்க.

சாம்பிள் குடுக்கறவங்களுக்கு: 2 மணி நேரத்துக்குள்ள லேப்ல சேர்த்துடுங்க. வீட்டுல பிடிச்சு பஸ்ஸுல ஊர் சுத்தி வந்தா வழியிலயே கிருமி பெருகிடும். ஏற்கனவே ஆன்டிபயாடிக் போட்டிருந்தா, ஒரே ஒரு மாத்திரையா இருந்தாலும், மறைக்காம சொல்லிடுங்க. அதுலயும் கல்ச்சர் 'நோ க்ரோத்'னு வரும்.