நம்மைக் காட்டிச் சிரிப்பதா, நம்மோடு சிரிப்பதா?

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் தோழரும், கட்டட வேலை முடிந்து கரமனைப் பக்கத்து வாடகை வீட்டுக்குத் திரும்பும் மேஸ்திரியும், நாள் முழுதும் துணி தேய்த்துக் கை ஓய்ந்த தாயும் இரவுச் சோற்றுக்குப் பிறகு தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கைபேசியை எடுத்துச் சிரிப்புப் படம் பார்க்கிறார்கள். வெயிலில் நின்ற உடம்புக்குச் சிரிப்பும் ஒரு மருந்துதான். அதை யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒரு நிமிடமாவது நாம் சிந்திக்க வேண்டும். அது நம் மானத்தைத் தொடும் கேள்வி. ஆகவே அது அரசியல் கேள்வியும்கூட.

ஜி. பி. முத்துவை அறியாத வீடு நம்மிடையே இல்லை. உடன்குடிக்காரர். கருப்பட்டிக்குப் பேர்போன அந்த ஊரில் மரவேலை பார்த்துப் பிழைத்தவர். டிக்டாக்கில் அவர் முகம் காட்டியபோது அவரிடம் மேடைப் பயிற்சி கிடையாது. அழகு சேர்க்கும் விளக்கு கிடையாது. நம் தெக்கத்திப் பேச்சு, பரட்டைத் தலை, பொத்துக்கொண்டு வரும் கோபம், அதைவிட வேகமாக வரும் சிரிப்பு, இவ்வளவுதான் அவர் முதல். 2020 ஜூன் 29-ம் நாள் இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போயிற்று. ஒரே இரவில் மேடை இழந்த எத்தனையோ ஏழைக் கலைஞர்களில் அவரும் ஒருவர். அவர் யூடியூபில் எழுந்து நின்றார். முன்பின் அறியாதவர்கள் அவருக்குத் தபாலில் அனுப்பிய கடிதங்களையும் பொட்டலங்களையும் பிரித்துப் படித்துக் காட்டினார். அன்பாக எழுதியவர்களும் உண்டு. ஏச்சும் பேச்சுமாக எழுதியவர்களும் உண்டு. இரண்டையும் அவர் படித்தார். நாடு சிரித்தது.

பிறகு தொலைக்காட்சி கூப்பிட்டது. 2022 அக்டோபர் 9-ம் நாள் தொடங்கிய விஜய் தொலைக்காட்சியின் 'பிக் பாஸ்' ஆறாவது பருவத்தில், கமல்ஹாசன் முன்னிலையில், முதல் ஆளாக அந்த மாளிகைக்குள் நுழைந்தவர் இந்த மரவேலைக்காரர்தான். அதே ஆண்டு 'ஓ மை கோஸ்ட்' படத்திலும் நடித்தார். நம் பக்கத்துப் பேச்சு பேசும் ஒரு தொழிலாளி, எந்தச் சிபாரிசும் இல்லாமல், அந்த வாசலுக்குள் போனது சிறிய காரியமன்று. அவருடைய வசவுச் சொற்களை நாம் ஏற்கவில்லை. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கத் தகாதவை அவற்றில் பல. ஆனால் அந்த வசவுக்காக மட்டும் அவரை இகழ்கிறவர்கள், பட்டும் பகட்டுமாக வந்து அதைவிட மோசமாகப் பேசுகிறவர்களை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

உள்ளே போன முத்து இரண்டே வாரத்தில் தாமாகவே வெளியே வந்துவிட்டார். பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதே காரணம். பணமும் புகழும் கையருகே இருக்க, பிள்ளை நினைவு வந்து எழுந்து போகிறான் ஒரு தகப்பன். நகரத்துப் பண்டிதர்கள் சிலருக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கலாம். ஊரில் தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே களிமண்ணும் சிமெண்டுமாக வாழ்கிற நம் குடும்பங்களுக்கு அது வேடிக்கையாகப் படாது. திரும்பிப் போக வழியிருந்ததால் அவர் போனார். நம்மில் பலருக்கு அந்த வழி இல்லை.

முத்துவைப் பார்த்து நாடு சிரித்ததே, அது எந்தச் சிரிப்பு? அவர் சொன்னதை ரசித்த சிரிப்பா, அவர் பேச்சையும் தோற்றத்தையும் ஏளனம் செய்த சிரிப்பா? இரண்டும் கலந்துதான் இருந்தது. கலந்திருப்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டியது நமக்குத்தான் மிகவும் அவசியம். ஏனென்றால் கேரளத்து நகைச்சுவை மேடையில் தமிழன் நெடுங்காலமாக ஒரு வேடம்.

அந்த மேடையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. 1969-ல் ஆபேல் அடிகளார் தொடங்கிய கொச்சிக் கலாபவன், 1981-ல் மிமிக்ஸ் பரேடு என்ற புதுக் கலையை மேடையேற்றியது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது வழி திறந்தது. சாலக்குடியில் ஆட்டோ ஓட்டிய கலாபவன் மணி அந்த வழியாக வந்தவர். 1999-ல் பார்வையற்ற பாடகனாக நடித்து மலையாளிகளை அழவைத்தார். 2002-ல் 'ஜெமினி' படத்தில் தமிழ்நாட்டையே மிரளவும் சிரிக்கவும் வைத்தார். 2016 மார்ச் 6-ம் நாள் அவர் மறைந்தபோது இரு மாநிலத்து உழைப்பாளிகளும் துக்கம் காத்தார்கள்.

ஆனால் அதே மேடையில், பிறகு அதை வீட்டுக்குள் கொண்டுவந்த தொலைக்காட்சியில், 'பாண்டி' என்றும் 'அண்ணாச்சி' என்றும் ஓர் ஆள் வருவான். முகத்தில் கரி பூசியிருக்கும். லுங்கி நழுவும். மலையாளத்தைக் கொலை செய்வான். அடி வாங்குவான். அரங்கம் குலுங்கும். அண்ணாச்சி என்பது நம் ஊரில் மரியாதைச் சொல்; இங்கே அதைக் கோமாளியின் பெயராக்கிவிட்டார்கள். தமிழ்த் திரைப்படமும் இதில் யோக்கியமானதல்ல. டீக்கடை நாயரை வைத்து அது எத்தனை ஆண்டு பிழைத்தது! இரண்டு பக்கமும் ஏளனத்துக்கு ஆளானவன் பிழைப்புக்காக எல்லை தாண்டிய ஏழை. பங்களா வைத்திருக்கிற மலையாளியையோ தமிழனையோ யாரும் கேலி செய்து நாம் பார்த்ததில்லை.

இதன் விளைவு எங்கே விழுகிறது? நம் பிள்ளைகள் மீது விழுகிறது. முந்தின இரவு தொலைக்காட்சியில் பார்த்த 'பாண்டி' மறுநாள் வகுப்பறையில் நம் பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஆகிறது. பேருந்தில் தாய் தமிழில் கூப்பிட்டால் மகள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தாய்மொழியை வாய்க்குள் விழுங்கக் கற்றுக்கொள்கிற பிள்ளை, பிறகு தாயின் தொழிலையும் மறைக்கக் கற்றுக்கொள்கிறது. ஒரு சிரிப்பு இவ்வளவு தூரம் வெட்டுகிறது.

நிறத்தின் கதையும் அதுதான். 2024 மார்ச் மாதம், கறுத்த நிறத்து ஆண் மோகினியாட்டம் ஆடத் தகாது என்று ஒரு நடன ஆசிரியை இணையப் பேட்டியில் இகழ்ந்தார். இகழப்பட்டவர் கலாபவன் மணியின் தம்பி, ஆர். எல். வி. ராமகிருஷ்ணன். கேரளம் கொதித்தது. கலாமண்டலமே அவரை அழைத்து ஆடச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே கலாமண்டலத்தில் அவர் நடன ஆசிரியராகவும் பொறுப்பேற்றார். கேரளத்து மக்கள் நியாயத்தின் பக்கம் நிற்கத் தெரிந்தவர்கள் என்பதற்கு இது சாட்சி. நடனத்தில் நிறத்தை இகழ்ந்தால் கொதிக்கிற நாடு, நகைச்சுவையில் கரி பூசும்போது மட்டும் ஏன் கைதட்ட வேண்டும்? இதை நம் மலையாளத் தோழர்களிடம் உரிமையோடு கேட்கிறோம்.

கைபேசி இந்தக் கணக்கை மாற்ற முடியும் என்பதற்கு இந்த நகரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. தம்பானூருக்குப் பக்கத்தில், ராஜாஜி நகர் என்று ஏட்டிலும் செங்கல்சூளை என்று பேச்சிலும் வழங்கும் குடியிருப்பு நமக்குத் தெரியும். தலைமைச் செயலகக் கட்டடத்துக்குச் செங்கல் சுட்ட இடம் என்பதால் அப்பெயர் வந்தது என்பார்கள். நெடுங்காலம் குற்றச் செய்தியில் மட்டுமே அடிபட்ட பெயர் அது. 2021 ஜூலையில், நடிகர் சூர்யாவின் பிறந்தநாளையொட்டி, அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் 'அயன்' படக் காட்சிகளைத் தங்கள் சந்திலும் மொட்டைமாடியிலும் கைபேசியிலேயே எடுத்து வெளியிட்டார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். சூர்யாவே பார்த்துப் பாராட்டினார். தொலைக்காட்சிக்காரர்கள் அந்தச் சந்துக்குள் தேடி வந்தார்கள், இந்த முறை குற்றவாளியைத் தேடி அல்ல. அதே குடியிருப்பைச் சேர்ந்த, தூய்மைப் பணி செய்யும் தனுஜா குமாரி தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். அந்த நூல் இன்று பல்கலைக்கழகப் பாடம். தன் கதையைத் தானே சொன்னால் ஊர் கேட்கும் என்பதை இவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

உலகெங்கும் இதுதான் நடக்கிறது. 1860-ல் நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறிய தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். சொவெட்டோவில் வளர்ந்த லசிஸ்வே டம்புசா என்ற இளைஞர் இணையத்தில் சிரிப்புப் படம் எடுத்துப் பெயர் பெற்று, 2018-ல் தம் பெயரிலேயே எம்டிவி தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு உயர்ந்தார். அவருக்கு மூத்தவர் டிரெவர் நோவா. கறுப்புத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் 1984-ல் பிறந்தவர். அந்த உறவையே குற்றம் என்ற சட்டம் அன்று அங்கே இருந்தது. அவர் அந்தச் சட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். தம் தாயைப் பற்றியும் ஏராளமாகச் சிரித்தார். அதைக் கேட்பவர்களுக்கு அந்தத் தாய்மீது மதிப்புத்தான் கூடியது. 2015 முதல் 2022 வரை அமெரிக்காவின் புகழ்பெற்ற அரசியல் நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்தியவர் அவர்தான்.

நமக்கும் அந்த மரபு உண்டு. 1956 வரை நாஞ்சில் நாடும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியில் இருந்தன. அந்த நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுத் தொடங்கியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட சிறுவன் படித்துக் கல்வி அதிகாரியாகும் 'கிந்தனார்' கதையை 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அடிபட்டவன் பக்கம் நின்ற சிரிப்பு அது. இன்று இணையத்தில் கோபியும் சுதாகரும் நடத்தும் 'பரிதாபங்கள்' அந்தத் தடத்தில் சில அடிகள் நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஓர் இளம் பொறியாளர் சாதிவெறிக்குப் பலியானபோது, அவர்கள் சாதிப் பெருமையைக் கேலி செய்து படம் வெளியிட்டார்கள். உடனே அவர்கள்மீது கோவையில் காவல்துறையிடம் புகார் போயிற்று. பலவீனனைக் கேலி செய்தால் பரிசு, பலவானைக் கேலி செய்தால் புகார். சிரிப்பின் அரசியல் இதுதான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவற்றைப் பேசுவோம்.

முதலாவது, சட்டம். கேபிள் தொலைக்காட்சிக்கான 1994-ம் ஆண்டு விதிகளில் நிகழ்ச்சி நெறி என்று ஒன்று இருக்கிறது. இன, மொழி, வட்டாரப் பிரிவினரை ஏளனமாகச் சித்தரிக்கும் காட்சியோ சொல்லோ ஒளிபரப்பலாகாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. 2021 ஜூனில் வந்த திருத்தத்தின்படி, பார்ப்பவர் எவரும் நேராக அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கே புகார் எழுதலாம். நிறுவனம் 15 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், நம்மை இழிவு செய்த சொல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளைக்கொண்டு மலையாளத்திலேயே எழுதுங்கள். ஒரு கடிதம் குப்பைக்குப் போகலாம். ஒரு குடியிருப்பே எழுதினால் போகாது.

இரண்டாவது, நம் பிள்ளைகளின் திறமை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வேலைத்தலத்தில் இந்தி என்று மூன்று மொழியில் புழங்கும் பிள்ளைக்கு இருக்கிற காது வேறு யாருக்கு இருக்கிறது? ஒப்பந்தக்காரர் பேச்சு, வீட்டு உரிமையாளர் பேச்சு, ரேஷன் அட்டைக்காக அலையவைக்கும் அலுவலகத்துப் பேச்சு, எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. அவற்றைக் கொண்டு அவர்கள் சிரிக்க வைக்கட்டும். கைபேசியைப் பிடுங்கி எறியாதீர்கள். என்ன எடுக்கிறார்கள் என்று கூட உட்கார்ந்து பாருங்கள். பள்ளிப் படிப்பு மட்டும் நிற்கக் கூடாது. ஓர் அரசாணையில் மறைந்துபோகக் கூடிய மேடையை நம்பிப் புத்தகத்தை மூடலாகாது. தொலைக்காட்சி கூப்பிட்டால், நீட்டிய காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடவும் கூடாது. முகத்தில் கரி பூசிப் 'பாண்டி' வேடம் கட்டினால்தான் வாய்ப்பு என்றால், அந்த வாய்ப்பு வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தை வீடு தர வேண்டும்.

மூன்றாவது, நம்மைப் பற்றியே. இன்று கேரளத்துக் கட்டட வேலையில் நம் இடத்துக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். நகைச்சுவை மேடையில் 'பாண்டி'க்குப் பக்கத்தில் இப்போது 'பாயி' வந்து நிற்கிறான். அதே அழுக்குச் சட்டை, அதே உடைந்த மலையாளம், அதே அடி. அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள்; தமிழ்நாட்டில் 'வடக்கன்' என்று சொல்லிச் சிரிக்கும் படங்களைப் பகிர்கிறார்கள். தோழர்களே, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய நம் அப்பனும் ஆத்தாளும் அந்த 'பாயி'யாகத்தான் நின்றார்கள். நமக்கு வலித்தது அவனுக்கும் வலிக்கும். நம்மை இகழாதே என்று கேட்கிற வாய் அவனை இகழ்ந்தால், நம் கோரிக்கைக்கு என்ன மரியாதை இருக்கும்?

இன்று இரவும் கைபேசியை எடுப்போம்; வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்போம்: இந்தப் படத்தில் அடி வாங்குகிறவன் யார், அவன் ஏன் அடி வாங்குகிறான்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளை, நாளைக்கு எந்த மேடை ஏறினாலும் தலைநிமிர்ந்தே ஏறும்.